நீக்கப்படுகிறார், சேர்த்துக்கொள்ளப்படுகிறார்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். ராத்திரி எட்டரை மணி வாக்கில் ஃபேக்ஸ் மெஷின் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளும். மேலே கட்சி முத்திரையைப் பார்த்ததுமே கம்போசிங் பையன், "சார், யாரையோ தூக்கிட்டாங்க" என்பான். மீதி அவனுக்கு மனப்பாடம். கட்சியின் கொள்கைக்கு முரணாகச் செயல்பட்டதாலும், கட்சிக்குக் களங்கமும் அவப்பெயரும் உண்டாக்கியதாலும், அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாப் பொறுப்புகளில் இருந்தும் நீக்கி வைக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் இவருடன் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கட்சித் தாள் வந்தாலும் பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

ஆள் என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இருக்காது. யாரை அடித்தார், யாரைக் கேவலமாகப் பேசினார், எவர் நிலத்தை வளைத்தார் என்று தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். தாளில் வராது. களங்கம் பட்டது கட்சிக்குத்தான். அடிபட்டவர் அந்தக் கணக்கிலேயே சேர மாட்டார். சொந்தக் கட்சிக்காரரைத் தலைமை கைகழுவும் செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

வானொலியில் யாரையும் திட்டப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நம் புதுச்சேரி சட்டப்பேரவையில் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 30 பேர்தான். நியமன உறுப்பினர் 3 பேர். இவ்வளவு சின்ன சபையில் ஒருவரை வெளியே தள்ளுவதற்கு முன் விரல் விட்டு எண்ணாத தலைவர் கிடையாது. பாகூர் காங்கிரஸ் எம்.எல்.ஏ. தனவேலு, தன் கட்சி ஆட்சியின் மீதே ஊழல் புகார் சொன்னார். துணைநிலை ஆளுநரிடமே போய்ப் புகார் கொடுத்தார். 2020 ஜனவரியில் கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. ஜூலையில் பேரவைத் தலைவர் அவரைத் தகுதிநீக்கம் செய்தார். சொந்த வீட்டுக் குறையைத் தெருவில் நின்று சொன்னவருக்கு இந்த வேகம். ஆனால் 2021 தொடக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்தபோது பெரும்பாலும் நீக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை, அவர்களே போய்விட்டார்கள். பிப்ரவரி 22 அன்று ஆளும் தரப்பில் 12 பேர், எதிரில் 14 பேர். ஆட்சி முடிந்தது. தனவேலு இருந்திருந்தால் தப்பியிருக்குமே என்று அப்போது டீக்கடையில் சிலர் பேசினார்கள். 13-ஐ வைத்துக்கொண்டு 14-ஐ எப்படிச் சமாளிப்பதாம்? கணக்கில் நம் ஆட்கள் கொஞ்சம் தாராளம்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. கட்சியிலிருந்து நீக்கிவிட்டால் எம்.எல்.ஏ. பதவியும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தைப் பற்றி, 1996-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: நீக்கப்பட்டவரும் சபைக்குள் பழைய கட்சிக்காரராகவே கருதப்படுவார். வேறு கட்சியில் சேர்ந்தாலோ, தனவேலு விஷயத்தில் போல, கட்சியைத் தானே விட்டுவிட்டதாகக் கருதும்படி நடந்துகொண்டாலோ பதவிக்கு ஆபத்து. கட்சி கைவிட்டாலும் நாற்காலி கைவிடாது.

நெல்லிக்குப்பம் கதை வேறு மாதிரி. 2022 மார்ச்சில் நகராட்சித் தலைவர் பதவி கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டது. மறைமுகத் தேர்தலன்று தி.மு.க. கவுன்சிலர் ஒருவரே போட்டியிட்டு ஜெயித்துவிட்டார். வேறு ஊர்களிலும் இப்படி நடந்தது. குற்ற உணர்ச்சியில் குறுகி நிற்பதாக அக்கட்சித் தலைவர் ஸ்டாலின் அறிக்கை விட்டார். தோழமைக் கட்சிக்கு ஒதுக்கிய இடத்தில் வென்றவர்கள் ராஜினாமா செய்துவிட்டு வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்றார். ஊர் ஊராகச் சிலர் விலகினார்கள், சிலர் நகரவே இல்லை. நான் கவனித்தது அந்த அறிக்கையை. யாருக்குத் தவறு நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்ன அபூர்வமான தாள் அது. அடிபட்டது தோழமைக் கட்சி என்பதாலோ என்னவோ.

அதே 2022 ஜூனில், தொலைக்காட்சி விவாதத்தில் நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக பா.ஜ.க. தன் செய்தித் தொடர்பாளர் நூபுர் சர்மாவை இடைநீக்கம் செய்தது. வளைகுடா நாடுகளில் எதிர்ப்புக் கிளம்பியிருந்த நேரம். கடிதத்தில் சொன்ன காரணம், கட்சியின் நிலைப்பாட்டுக்கு மாறாகப் பேசினார் என்பது. மனம் புண்பட்டவர்கள் அதிலும் இல்லை.

பக்கத்து விழுப்புரத்துக்காரர், தி.மு.க. அமைச்சராக இருந்த பொன்முடி விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2025 ஏப்ரலில் மேடையில் பேசிய கொச்சைப் பேச்சுக்காகத் துணைப் பொதுச்செயலாளர் பதவி உடனே போனது. அமைச்சர் பதவி போக இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அவர் கட்சி எம்.பி. கனிமொழியே அந்தப் பேச்சைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அவ்வளவு நேராக ஒரு சக கட்சிக்காரர் பேசினால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். வருடம் முடிவதற்குள் கட்சிப் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்சிக்காரர் ஒருவர் அவரைத் தெருவில் வைத்து அறைந்திருந்தார். மறுநாளே ஆளை நீக்கிவிட்டார்கள், நாங்களும் போட்டோம். மகன் பேப்பரை மேசையில் விரித்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், இதுல எங்கம்மாவைப் பத்தி ஒண்ணுமே இல்லையே?" தலைமை அனுப்பியதை அப்படியே போட்டோம் தம்பி என்றேன். உண்மைதான். ஆனால் சம்பவத்தை விசாரித்துத் தனிச் செய்தி போட எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

நாலு மாதம் கழித்து, அதே ராத்திரி எட்டரை மணிக்கு அடுத்த தாள் வந்தது. தனது செயலுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் அளித்ததால் மீண்டும் கட்சியில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார் என்று. வருத்தம் யாரிடம் தெரிவித்தாராம் என்று கம்போசிங் பையனைக் கேட்டேன். "தலைமைக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே டைப் அடித்தான்.