முழங்காலைப் பூட்டுறது எது, திறக்குறது எது?

[காட்சி: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கால், பக்கவாட்டில்]

உட்கார்ந்துதானே பாக்குறீங்க? முட்டி மடங்கின நிலையிலயே குதிகாலை ஊன்றி, விரல் பக்கத்தை மட்டும் வெளியே திருப்புங்க, அப்புறம் உள்ளே. முட்டிக்குக் கீழே கையை வச்சா, எலும்பு திரும்புறது தெரியும். இப்போ காலை நேரா நீட்டி அதையே செய்யுங்க. பாதம் திரும்பும், ஆனா மொத்தக் காலும் இடுப்புலேர்ந்து சேர்ந்து திரும்பும். முட்டியில அந்தத் திருப்பம் இல்லை.

முழங்காலைக் கீல் மூட்டுன்னு பள்ளியில படிச்சோம். மடக்குறது நீட்டுறது மட்டும்தான்னு. பாருங்க, மடங்கியிருக்கும்போது அது திரும்பவும் செய்யுது.

[காட்சி: எலும்புகள் மட்டும், முன்பக்கம்]

மேலே தொடை எலும்பு. அதோட கீழ் நுனியில ரெண்டு உருண்டை. கீழே டிபியா, அதாவது முட்டிக்குக் கீழே இருக்குற பெரிய எலும்பு. அதுக்குக் கிட்டத்தட்ட தட்டையான மேல்பக்கம். தட்டை மேல உருண்டை எப்படி நிக்கும்? நிக்காது. அதனாலதான் நடுவுல ரெண்டு மெனிஸ்கஸ், பிறை மாதிரி வளைஞ்ச குருத்தெலும்புத் துண்டுகள். விளிம்பு தடிப்பா, உள்பக்கம் மெல்லிசா இருக்கும். விளிம்புக்கு ரத்தம் வருது, உள்பக்கத்துக்கு வராது. உள்பக்கம் கிழிஞ்சா தானா ஆறுறது கஷ்டம்னு டாக்டர்கள் சொல்றது இதனாலதான்.

டிபியாவுக்குப் பக்கத்துல ஒல்லியா இருக்குற எலும்பு ஃபிபுலா. அது முட்டி மூட்டுக்குள்ள வர்றதே இல்லை. முன்னாடி இருக்குற சில்லு, தொடைத் தசையோட டெண்டனுக்குள்ள, அதாவது தசையை எலும்போட இணைக்குற நாருக்குள்ள, புதைஞ்ச எலும்பு. பிறந்த குழந்தைக்கு அது வெறும் குருத்தெலும்புதான், எலும்பா மாற ஆரம்பிக்கவே பெரும்பாலும் 3 வயசு ஆயிடும்.

எலும்பு பொருந்தாத மூட்டைக் கட்டி வச்சிருக்குறது நாலு லிகமென்ட், எலும்பை எலும்போட இணைக்குற நார்கள். ரெண்டு உள்ளே குறுக்கா, ரெண்டு பக்கவாட்டுல. கபடியில, ஃபுட்பால்ல பாதம் தரையில ஊன்றியிருக்க உடம்பு மட்டும் சட்டுன்னு திரும்பும்போது கிழியுறது பல நேரம் உள்ளே இருக்குற முன்பக்கக் குறுக்கு லிகமென்ட், ஏசிஎல்.

[காட்சி: நிற்கும் கால், தொடை எலும்பு மெல்ல உள்பக்கம் சுழல்கிறது]

இப்போ எனக்குப் பிடிச்ச இடம். தொடை எலும்போட ரெண்டு உருண்டையும் ஒரே அளவு இல்லை, உள்பக்க உருண்டை கொஞ்சம் நீளம். அதனால எழுந்து நிக்கும்போது, முட்டி முழுசா நீளுற கடைசிக் கொஞ்ச டிகிரியில, தொடை எலும்பு லேசா உள்பக்கமா சுழலுது. லிகமென்ட் எல்லாம் இறுகுது. முட்டி பூட்டிக்குது. அப்புறம் நிக்குறதுக்குத் தொடைத் தசை பெருசா வேலை செய்யத் தேவையில்லை. நம்பலைன்னா, தளர்வா நின்னு சில்லை விரலால இடமும் வலமும் தள்ளிப் பாருங்க, நகரும். தொடைத் தசை இறுகியிருந்தா அப்படி நகராது. ஸ்கூல்ல பின்னாடி வந்து முட்டியில தட்டினா நம்ம கால் பொசுக்குன்னு மடங்கினதும் அந்தத் தொடைத் தசை ஓய்வுல இருந்ததாலதான்.

பூட்டைத் திறக்குறது முட்டிக்குப் பின்னாடி ஆழத்துல இருக்குற பாப்ளிட்டியஸ்ங்குற சின்னத் தசை. நின்னுட்டு இருக்குறவர் முட்டியை மடக்க ஆரம்பிக்கும்போது, தொடை எலும்பை வெளிப்பக்கமா சுழற்றி விடும். ஜிம்ல யாரும் இதுக்குப் பயிற்சி செஞ்சு நான் பார்த்ததில்லை.

[காட்சி: கெண்டைக்கால், தோல் நீங்கிய நிலையில்]

கெண்டைக்கால்ல வெளியே தெரியுற திரட்சி, கேஸ்ட்ரோக்னீமியஸ். தொடை எலும்புலேர்ந்தே தொடங்கி முட்டியைத் தாண்டி வருது. அதுக்கு அடியில சோலியஸ், முட்டிக்குக் கீழேயே தொடங்குது. ரெண்டும் ஒரே டெண்டனா, அகில்லஸா, குதிகால்ல போய்ச் சேருது. அதனால சுவரைப் பிடிச்சு முட்டியை நேரா வச்சு ஸ்ட்ரெட்ச் பண்ணா, மேல் தசை நல்லா இழுபடும். முட்டியை மடக்கிட்டா அது தளர்ந்துடும், இழுவை சோலியஸ்க்குப் போயிடும். ஓடுறவங்க ரெண்டு விதமாவும் செய்யணும்.

சோலியஸ்க்கு இன்னொரு வேலையும் உண்டு. சுருங்கும்போது கால்ல தேங்கின ரத்தத்தைப் பிழிஞ்சு மேலே ஏத்துது. அசெம்பிளியில ஆடாம அசையாம நின்ன பசங்க மயங்கி விழுவாங்களே, அதுக்கு இந்த பம்ப் சும்மா நின்னதும் ஒரு காரணம்.

[காட்சி: முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கம், ஃபிபுலாவின் தலை]

முட்டிக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்க, ஒரு மேடு. ஃபிபுலாவோட தலை. அதை ஒட்டி, தோலுக்குக் கொஞ்சம் அடியிலேயே ஒரு நரம்பு வளைஞ்சு போகுது. பாதத்தை மேலே தூக்குற டிபியாலிஸ் ஆன்டீரியர் தசைக்கு உத்தரவு இந்த நரம்பு வழியாத்தான். ரொம்ப நேரம் சம்மணம் போட்டாலோ, குத்தவச்சு உட்கார்ந்தாலோ இது அழுந்தும். மரத்துப் போனது எழுந்து நடந்ததும் சரியாயிட்டா கவலையில்லை. பாதத்தைத் தூக்க முடியாம, நடக்கும்போது விரல் தரையில இழுபட்டா மட்டும், தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்காம உடனே டாக்டர்கிட்ட போங்க.