ஆச்சி இருக்கும் பெரிய வீடு: எங்கிருந்து மாற்றத் தொடங்குவது?

[காட்சி: கானாடுகாத்தான். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) வழியாகப் பின்கட்டு வரை கேமரா நடக்கிறது.]

முகப்பு இந்தத் தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பலவும் இப்படித்தான். கூட்டுக் குடும்பம் புழங்கவும் கல்யாணக் கூட்டம் கொள்ளவும் கட்டியவை. இன்று பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, எண்பது வயது ஆச்சி மட்டும் இங்கே இருக்கிறார். கோயிலும் பங்காளி வீடுகளும் பக்கத்திலேயே இருக்க, ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறார். அவர் சொல்வது நியாயம். வீடுதான் அவருக்கு ஏற்றபடி மாறவேண்டும்.

முதலில் பாருங்கள்: படுக்கையிலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம்? பழைய வீடுகளில் அது கொல்லைப்புறத்தில் இருக்கும். நள்ளிரவில் எழுந்தால் வளவைச் சுற்றி, உயரமான நிலைப்படிகளைத் தாண்டிப் போகவேண்டும். மழை நாளில் முற்றத்துச் சாரல் தாழ்வாரம் வரை அடிக்கும். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் புழங்கப் புழங்க மெருகேறுவது. ஈரம் பட்டால் கால் நிற்காது. ஆகவே வளவை ஒட்டிய ஓர் அறையில் கட்டில், அடுத்த அறையில் கழிப்பறை. செலவு பிடிக்கும் வேலைதான், ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

[காட்சி: குளியலறைக் கதவு, நெருக்கத்தில்.]

இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை ஒட்டிக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கைப்பிடிக் கம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்துக்குள் பொருத்தலாம். துண்டு மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. இந்த வீடுகளில் இன்னொரு கவனமும் தேவை. சுண்ணாம்புப் பூச்சு பல அடுக்காகக் கனத்திருக்கும். குட்டைத் திருகு அதிலேயே நின்றுவிடும். செங்கல்லுக்குள் ஆழ இறங்கும் போல்ட்டாகப் போடச் சொல்லுங்கள்.

பர்மா தேக்கு நிலையை அறுக்கவேண்டாம். எடுத்துவைக்கக்கூடிய மரச் சரிவு போதும். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. 6 அங்குலப் படி என்றால் ஒவ்வொரு பக்கமும் 6 அடி. அவ்வளவு இடம் இல்லாத அறையில், நிலையோரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், படி விளிம்பு பளிச்சென்று தெரிய மஞ்சள் பட்டையும் வையுங்கள். விளக்கு சுவிட்ச் கட்டிலில் இருந்தபடியே எட்டவேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஆச்சியோடு வீடு முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள். அவர் கை சுவரைத் தேடுகிற இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள்; கொத்தனார் அங்கேதான் கம்பி வைக்கவேண்டும்.