கதிரும் பதரும்
(ஸ்தோத்திரப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியது)

மதிப்புக்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, பாடகர் குழுவினரே, பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, மைக் செட்டுத் தம்பியே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். உபதேசியார் ஐயாவை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்று காரியங்கள் சொல்ல வந்தேன்: பிரசங்கியின் தாழ்மை, சபையின் தாழ்மை, கர்த்தரையே சார்ந்திருப்பது. காணிக்கையாக வந்த அந்த நெற்கட்டைப் பாருங்கள். விளைந்த கதிர் தலை சாயும். பதர்தான் நிமிர்ந்து நிற்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன். பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு அடி பேனர். கோட்டு போட்ட பிரசங்கியார், பக்கத்தில் அவர் மனைவி, கீழே மகன். ஆண்டவர்? இருந்தார், வலது மூலையில், தபால்தலை அளவில். அடியில் தடித்த எழுத்தில் ஒரு வசனம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பனங்கிழங்கு விற்கிற ஆச்சி, எழுதப் படிக்கத் தெரியாதவர், “என்ன போட்டிருக்கு தம்பி?” என்றார். வாசித்தேன்: “அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்.” ஆச்சி கடவத்தை இறக்கிவைத்தார். அண்ணாந்து பார்த்தார், கண்ணுக்கு மேலே கையை வைத்து மறுபடியும் பார்த்தார். “அப்பம் இதுல சிறுகினது யாரு?”

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாலைப் பொங்கவிட்டுவிட்டார்! ஒரு மாதம் கழித்து அதே பேனரை ஒரு மாட்டுத் தொழுவத்துக் கூரையில் பார்த்தேன். தலைகீழாக.

அந்த வசனம் வேதாகமத்தில் யோவான் 3:30. இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் ஸ்நானன் அதை எப்போது சொன்னார்? எல்லாரும் இயேசுவிடம் போகிறார்களே என்று அவருடைய சீஷர்கள் வந்து முறையிட்டபோது. தன் கூட்டம் குறைந்ததும் சந்தோஷப்பட்டுச் சொன்ன வார்த்தையைக் கூட்டம் சேர்க்கிற பேனரில் போடுகிறோம்.

டோனாவூர் நமக்குத் தூரமில்லை. அங்கே ஊழியம் செய்த அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஐம்பது வருஷத்துக்கு மேல் சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே பிள்ளைகளை வளர்த்தார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஜெபம்தான் என்று வைத்திருந்தார். 1951-இல் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். விளைந்த கதிர் தலை சாயும் என்றேனே, அது இதுதான்.

இரண்டாவது காரியம்... சரி, செயலர் மணியைக் காட்டுகிறார். மூன்றாவதை மட்டும் தொட்டுவிடுகிறேன். 1903-இல் பாளையங்கோட்டையில், பின்னாளில் பேராயரான அசரியா போன்றவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது வெளிநாட்டுப் பணத்தை நம்பவில்லை. உலையில் போடும் முன் ஊழியத்துக்கென்று பானையில் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்த தாய்மார்களின் பிள்ளைகள் நாம். பேனருக்குப் போகிற பணத்தை அந்தப் பானையில் போட்டால் என்ன?

அதனால் சேகரத் தலைவர் ஐயாவிடம் ஒரே விண்ணப்பம். அடுத்த பண்டிகையிலிருந்து எந்த பேனரிலும் ஆள் படம் வேண்டாம். என் படமும் வேண்டாம், உங்கள் படமும் வேண்டாம். கையெழுத்துக் காகிதம் வாசலில் பிடியரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனா உபதேசியாருடையது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.