சிலந்திக்கால் ஓடாமல் திட்டு அடிப்பது எப்படி?

வணக்கம். மாடல் விமானங்களுக்கு ஏர்பிரஷ்ஷில் பெயிண்ட் அடிப்பது பற்றிப் போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இன்றைக்கு முழுதாகப் பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதே சந்தேகத்தை வேறு வேறு வார்த்தைகளில் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், படிக்கிறேன். "அண்ணா, 1/48 ஸ்கேலில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஜி-6 செய்துகொண்டிருக்கிறேன். இறக்கை நன்றாக வந்துவிட்டது. உடலின் இரண்டு பக்கமும் மறைப்பு நிறத்தைத் திட்டுத்திட்டாக அடிக்கும்போதுதான் பிரச்சினை. கிட்டே வைத்தால் பெயிண்ட் சிலந்திக்கால் போல ஓடுகிறது, தள்ளி வைத்தால் மணல் தூவியது போலச் சொரசொரப்பாகிறது. 0.3 மில்லிமீட்டர் நாசில், காற்றழுத்தம் 20 பிஎஸ்ஐ. 0.2 நாசில் வாங்கினால் சரியாகுமா, இல்லை மாடலின் மேல் பிடித்து அடிக்கிற துளை போட்ட மாஸ்க் கிடைக்கிறதே, அதை வாங்கட்டுமா?"

தம்பி, இரண்டையும் வாங்க வேண்டாம். 0.3 நாசிலே போதும், நான் இன்றைக்கும் அதில்தான் அடிக்கிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த 20 பிஎஸ்ஐதான். இறக்கையில் பெரிய பரப்பை ஒரே நிறத்தில் அடிக்கும்போது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்து அடித்திருப்பீர்கள், அதற்கு 20 சரி. திட்டு அடிக்க நாசிலை ஒன்று ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொண்டுபோகிறீர்கள், காற்றை மட்டும் குறைக்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில் அந்த வேகத்தில் வரும் காற்று, இன்னும் காயாத பெயிண்டைப் பிடித்து நாலு பக்கமும் தள்ளுகிறது, அதுதான் சிலந்திக்கால். பயந்து போய்க் கையைப் பின்னால் இழுக்கிறீர்கள், இப்போது துளிகள் போகிற வழியிலேயே காய்ந்து பொடியாக உட்காருகின்றன, அதுதான் மணல். ஆக ஒரே காரணம்தான் இரண்டு முகம் காட்டுகிறது. தூரம், காற்று, பெயிண்டின் பதம் மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை, ஒன்றைக் குறைத்தால் மற்ற இரண்டும் கூடவே இறங்க வேண்டும்.

காற்று 10-லிருந்து 12 பிஎஸ்ஐ. ஆனால் அந்த எண்ணை எப்போது பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். டிரிகரைத் தொடாமல் மீட்டரைப் பார்த்தால் 15 காட்டும், அழுத்தினால் 11-க்கு இறங்கும். காற்று போய்க்கொண்டிருக்கும்போது காட்டுகிற எண்தான் உண்மையான எண், அதனால் டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ரெகுலேட்டரைத் திருகுங்கள். டேங்க் இல்லாத கம்ப்ரஸர் என்றால் இவ்வளவு குறைந்த காற்றில் விட்டு விட்டு வரும், திட்டிலும் அது தெரியும். எதற்காவது காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் நாசிலுக்கு அல்ல, டேங்குக்குச் செலவழியுங்கள்.

அடுத்து பதம். எல்லோரும் பால் பதம் பால் பதம் என்று சொல்வார்கள், அது முழுப் பரப்பை அடிப்பதற்கு. திட்டுக்கு நீர்மோர் பதம் வேண்டும். கோடைக் காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்போமே, டம்ளரைச் சாய்த்தால் சுவரில் ஒட்டாமல் வழிந்து, லேசான ஒரு படலம் மட்டும் நிற்குமே, அந்தப் பதம். தமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயிண்ட் என்றால் ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு தின்னரில் ஆரம்பித்து, தேவைப்பட்டால் மூன்று வரை போகலாம். இவ்வளவு நீர்த்த பெயிண்டை உடைத்துப் பூவாகத் தூவுவதற்குக் குறைந்த காற்றே போதும். கெட்டியாக வைத்துக்கொண்டு காற்றைக் குறைத்தால் துப்பத்தான் செய்யும்.

எந்தத் தின்னர் என்று அடுத்து கேட்பீர்கள். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் கிடைத்தால் தமியா அக்ரிலிக்கோடு மிக நன்றாகப் போகும், அதில் உலர்வதைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்ந்தே இருக்கிறது, அதனால் மணல் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். ஆனால் அது லேக்கர் தின்னர், கீழே இருக்கும் பூச்சைக் கொஞ்சம் கடித்துப் பிடித்துக்கொள்ளும், தப்பாக விழுந்த திட்டைத் துடைத்து எடுக்க முடியாது. அதனால் முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் வேறு வழி சொல்கிறேன். அடி நிறத்தை லேக்கர் பெயிண்டில் அடித்து இரண்டு நாள் நன்றாகக் காய விடுங்கள். அதன் மேல் திட்டை அக்ரிலிக்கில், அதற்கே உரிய எக்ஸ்-20ஏ தின்னர் கலந்து அடியுங்கள். தப்பு நடந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த காது பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் திட்டு மட்டும் போகும், அடி நிறம் நிற்கும். துடைக்க முடியும் என்ற தைரியம் இருந்தாலே கை நடுங்காது. வயேஹோ மாதிரி தண்ணீர் வகைப் பெயிண்ட் வைத்திருப்பவர்கள் அதில் லேக்கர் தின்னரை ஊற்றிவிடாதீர்கள், திரிந்துபோகும், அதற்கு அந்தக் கம்பெனித் தின்னரே சரி.

இப்போது டிரிகர். அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட், இது எல்லோருக்கும் தெரியும். பலரும் ஒரு திட்டு முடிந்ததும் டிரிகரை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள், அடுத்த திட்டுக்கு மறுபடி அழுத்தி இழுக்கிறார்கள், அப்போது நுனியில் தேங்கி நின்ற துளி முதலில் போய் அப்புகிறது. காற்றை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஒரு பக்கத்தை ஆரம்பித்ததிலிருந்து முடிக்கிற வரைக்கும் விரல் அழுத்தியபடியே இருக்கட்டும், பெயிண்டுக்கு மட்டும் மயிரிழை பின்னால், மறுபடி முன்னால். உங்கள் ஏர்பிரஷ்ஷின் வாலில் திருகு இருந்தால் அதைத் திருகி நீடில் கொஞ்சத்துக்கு மேல் பின்வாங்காதபடி கட்டிவிடுங்கள், விரலுக்கு அரைவாசி வேலை மிச்சம்.

கை ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. நின்றால் அந்த இடத்தில் குளம் கட்டும், குளம் கட்டினால் கால் முளைக்கும். பிள்ளையார் சுழி போடும்போது கை எப்படிச் சின்னதாக ஒரு வளைவு வளைந்து வெளியே வருகிறதோ அந்த அசைவு போதும். இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றியிருக்கட்டும். காற்றுக் குழாயைத் தோளில் ஒரு சுற்று போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் கனம் மணிக்கட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நீடில் நுனியில் காய்ந்த பெயிண்டை, தின்னரில் தொட்ட பழைய பிரஷ்ஷால் துடையுங்கள். முன்மூடியைக் கழற்றிவிட்டு அடித்தால் இன்னும் கிட்டே போகலாம், காற்றும் முட்டித் திரும்பாது. ஆனால் நீடில் வெளியே நிற்கும், எங்கேயாவது இடித்து நுனி வளைந்தால் அதற்குப் பிறகு பெயிண்ட் ஒரு பக்கமாகத்தான் போகும்.

சரி, இதெல்லாம் கருவி. நான் உண்மையில் சொல்ல வந்தது இனிமேல்தான்.

ஒரு திட்டை ஒரே முறையில் முடிக்காதீர்கள். முதல் சுற்றில் அடித்தது இருக்கிறதா இல்லையா என்று நீங்களே சந்தேகப்பட வேண்டும், அவ்வளவு லேசாக. வால் வரைக்கும் போய்விட்டு, இரண்டு நிமிடம் நிறுத்தி, திரும்ப மூக்கிலிருந்து ஆரம்பித்து இரண்டாம் சுற்று. அதிலும் எல்லாத் திட்டுக்கும் அல்ல, சிலவற்றுக்கு மட்டும். மூன்றாம் சுற்று இன்னும் சிலவற்றுக்கு. இப்போது சில அழுத்தமாகவும் சில மங்கலாகவும் நிற்கும், ஓரம் எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தேமல் பார்த்திருப்பீர்களே, சிலருக்குக் கன்னத்தில் வருமே, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி. அதுதான் நமக்கு வேண்டிய ஓரம். புள்ளிக் கோலம் போடுவது போல ஒரே இடைவெளி, ஒரே அளவு, ஒரே அழுத்தத்தில் அடித்தால், ஒவ்வொரு திட்டும் தனியாகப் பார்க்க நன்றாக இருந்தாலும் விமானம் பொம்மையாகிவிடும்.

ஏன் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1940-இல் 109-களின் பக்கங்கள் வெறும் வெளிர் நீலமாக இருந்தன, தரையில் நிறுத்தினாலும் தாழப் பறந்தாலும் பளிச்சென்று தெரிந்தன. அதனால் விமானத் தளத்திலேயே தரைப் பணியாளர்கள் கையில் கிடைத்ததை வைத்து, ஸ்ப்ரேயோ பிரஷ்ஷோ ஸ்பாஞ்சோ, அதை மங்கலாக்கினார்கள். பிறகு தொழிற்சாலைகளே அப்படி அடித்து அனுப்பின. ஆள் மாறினால் கை மாறும், அதனால் ஒரு 109 போல இன்னொரு 109 இருக்காது. ஜி-6 காலத்தில் பக்கங்கள் ஆர்எல்எம் 76 (ஆர்எல்எம் என்பது ஜெர்மன் விமானத் துறை அமைச்சகம், 76 அதன் நிற எண்) என்ற வெளிர் நீலச் சாம்பல், அதன் மேல் அதே வரிசையின் சாம்பல் நிறங்களான 74, 75, சிலவற்றில் 02-வும். முதுகுப் பக்கம் திட்டு நெருக்கமாக இருக்கும், கீழே இறங்க இறங்கக் குறையும். மாடல் பெட்டியோடு வருகிற படத்தை அப்படியே பார்த்து அடிக்காதீர்கள், அதை வரைந்தவர் அச்சுக்காக ஓரத்தைக் கூர்மையாக்கியிருப்பார். நீங்கள் செய்கிற அதே விமானத்தின் பழைய போட்டோ கிடைத்தால் அதை மேசையில் வையுங்கள்.

அளவையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நிஜத்தில் 30 சென்டிமீட்டர் திட்டு 1/48-இல் 6 மில்லிமீட்டர் சொச்சம், 1/72-இல் 4 மில்லிமீட்டர். நிஜத்தில் ஓரம் 2 சென்டிமீட்டருக்குக் கரைந்தால் உங்கள் மாடலில் அது அரை மில்லிமீட்டர்கூட வராது. அதனால் தேமல் என்றவுடன் ஒரேயடியாகப் புகையாக்கிவிடவும் வேண்டாம்.

நாம் பெங்களூரில் இருப்பவர்கள், இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. 1/48 மாடலை ஓர் அடி தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை ஏறக்குறைய 14 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் விமானம் தயாரிக்கும் எச்ஏஎல் நிறுவனத்தின் மியூசியத்துக்குப் போய், அங்கே நிற்கிற, அவர்களே தயாரித்த மாருத் போர் விமானத்திலிருந்து பதினைந்து இருபது எட்டு பின்னால் வந்து பாருங்கள். பேனல் கோடுகளில் எத்தனை கண்ணுக்குத் தெரிகிறது, நிறம் எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்று நின்று கவனியுங்கள், பிறகு வீட்டுக்கு வந்து உங்கள் மாடலைப் பாருங்கள். மாருத்தை வடிவமைத்த ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க்தான் போரில் 109-க்குத் துணையாகப் பறந்த ஃபோக்க வுல்ஃப் 190-ஐயும் வடிவமைத்தவர், அதற்கும் பக்கங்களில் இதே திட்டுதான். அவர் 1956-இல் இங்கே வந்தார், மாருத் 1961 ஜூன் 17-இல் முதலில் பறந்தது. திட்டு போட்ட ஒரு 190 செய்து முடித்தபோது, இதை உருவாக்கியவர் நம் ஊரில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊர் என்றதும் வானிலையும் ஞாபகம் வருகிறது. மார்ச், ஏப்ரல் மதியத்தில் இங்கே காற்று காய்ந்து கிடக்கும், நுனி நிமிடத்துக்கு ஒரு முறை அடைக்கும், அதனால் அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவேன். மழைக்காலத்தில் நேர்மாறு. அல்சூரில் குடியிருந்தபோது ஒரு ஜூலை மாதம், பாதித் திட்டு முடிந்த உடலின் மேல் ஏர்பிரஷ்ஷிலிருந்து தண்ணீர்த் துளி தெறித்து, ஒரு பக்கம் முழுவதையும் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். குழாயில் நீர்ப்பிடிப்பான் இருந்தும் அதை வடிக்க மறந்ததுதான் காரணம். இப்போது ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் வடித்துவிடுகிறேன்.

துளை போட்ட மாஸ்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதை 3, 4 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்து அடித்தால் ஓரம் மென்மையாகத்தான் வரும், மறுக்கவில்லை. ஆனால் அதே துளைகள் திரும்பத் திரும்ப வரும், கண் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும், உடலின் வளைவிலும் அது சரியாக உட்காராது. இத்தாலிக்காரர்களின் மக்கி 202 போர் விமானத்தில் வருகிற புகை வளையத்துக்கும் சிலர் மாஸ்க் வாங்குகிறார்கள். அதுவும் வெறும் கைதான், திட்டுக்குப் பதில் வளையம் போடுகிறீர்கள், அவ்வளவே.

எல்லாம் முடிந்த பிறகும் சில திட்டு பெரிதாகவோ அழுத்தமாகவோ நிற்கும். அப்போது கோப்பையைக் கழுவிவிட்டு, 76-ஐ அதே நீர்மோர் பதத்தில் எடுத்துத் திட்டுகளின் இடைவெளிகளில் ஓட்டுங்கள். பெரிய திட்டு சுருங்கும், இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரியும், அங்கங்கே தெறித்த தூசியும் மறையும். கடைசியாக 76-ஐ இன்னும் தண்ணீராக்கி, பத்துக்கு ஒன்று என்கிற அளவில், பக்கம் முழுக்க ஒரே ஒரு மூச்சு. எல்லா நிறமும் ஒன்றோடொன்று சேர்ந்து உட்கார்ந்துவிடும். இந்தத் திருத்தத்துக்கே எனக்கு முதல் திட்டு அடிக்கிற அளவு நேரம் ஆகும்.

அப்புறம், லேக்கர் அடிக்கிறவர்கள் துணி மாஸ்க்கோடு உட்காராதீர்கள், ஆவியைப் பிடிக்கிற கேட்ரிஜ் வைத்த மாஸ்க்தான் போட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தைகள் அந்த அறையில் இருக்கக்கூடாது.

தம்பி, இந்த ஞாயிற்றுக்கிழமை 109-ஐத் தொடாதீர்கள். காலியான ஷாம்பு பாட்டில் ஒன்றை எடுத்துக் கழுவி, 76 அடித்துக் காய வையுங்கள், அதன் வளைவு ஏறக்குறைய உங்கள் விமானத்தின் உடல் மாதிரிதான் இருக்கும். ஒரு பக்கம் 20 பிஎஸ்ஐயில் நீங்கள் வழக்கமாக அடிப்பது போல, மறுபக்கம் 11-இல் நீர்மோர் பதத்தில் மூன்று சுற்று. இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த வாரம் அதை வைத்தே பேசுகிறேன்.