ரோட்ஸ் கோட்டை ஊர்ல ஒரு பகல்: கப்பல் கிளம்புறதுக்குள்ள எப்படிச் சுத்தலாம்?

[காட்சி: கடலில் இருந்து ரோட்ஸ் மதில். திரை ஓரத்தில் கடிகாரம்: காலை 8:00]

குரல்: கிரேக்கத் தீவு ரோட்ஸ். கப்பல் நிக்கிற துறையில இருந்து பழைய ஊர் மதிலுக்கு நடந்தா பத்து நிமிஷம். டாக்ஸி, பஸ் எதுவும் வேண்டாம். இந்த வசதிதான் இங்க தொல்லையும். ஒரே நாள்ல ரெண்டு மூணு பெரிய கப்பல் வந்துட்டா, அத்தனை பேரும் துறைமுகத்துப் பக்க வாசல்ல நுழைஞ்சு, கடைத்தெரு வழியா மேல ஏறி, உச்சியில இருக்கிற அரண்மனை வாசல்ல ஒண்ணா வந்து நிப்பாங்க. அந்தக் கூட்டம் ஏறும்போது நாம இறங்குற மாதிரி ஒரு வழியை இந்த வீடியோவுல காட்டுறோம்.

[காட்சி: கப்பல் படிக்கட்டு, பக்கத்தில் தொங்கும் கடிகாரம்]

குரல்: இறங்குறதுக்கு முன்னாடி நேரத்தைச் சரிபாருங்க. "எல்லாரும் கப்பல்ல இருக்கணும்"னு போட்டிருக்கிற நேரம் வேற, கப்பல் கிளம்புற நேரம் வேற. நடுவுல பொதுவா அரை மணி நேரம் இருக்கும். நமக்கு முதல் நேரம்தான் கணக்கு. கிரேக்கம் இத்தாலியை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். கோடையில துருக்கியும் கிரேக்கமும் ஒரே நேரம். ஆனா அக்டோபர் கடைசியில கிரேக்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிடும், துருக்கி தள்ளாது. மார்ச் கடைசி வரைக்கும் அந்த வித்தியாசம் இருக்கும். துருக்கிக் கரை இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், உங்க போன் அந்த ஊர் டவரைப் பிடிச்சாலும் பிடிக்கும். அதனால போன்ல தானா மாறுற நேரத்தை நிறுத்திட்டு, படிக்கட்டுகிட்ட இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து வச்சுக்குங்க. டேட்டா ரோமிங்கையும் நிறுத்திட்டா அந்தக் கட்டணமும் மிச்சம்.

இந்திய பாஸ்போர்ட்காரங்களுக்கு இன்னொண்ணு. இந்தப் பக்கத்துக் கப்பல்கள் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் மாறி மாறிப் போகும். துருக்கியில நின்னுட்டு மறுபடி கிரேக்கம் வந்தா, அது ஷெங்கனுக்குள்ள, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாப் பகுதிக்குள்ள, ரெண்டாவது நுழைவு. ஒரு நுழைவு விசா பத்தாது. இதை ஊர்ல விசா எடுக்கும்போதே பார்த்திருக்கணும், கப்பல்ல ஏறின பிறகு ஒண்ணும் பண்ண முடியாது.

பாஸ்போர்ட் கப்பல்காரங்ககிட்ட இருந்தா, நகலும் கப்பல் அட்டையும் கையில இருக்கட்டும். அன்னிக்குக் கொடுக்கிற நிகழ்ச்சித் தாள்ல துறைமுக ஏஜென்ட் நம்பர் இருக்கும். அதை போட்டோ எடுத்துக்குங்க. கப்பல் நடத்துற சுற்றுலாவுல போய் லேட்டானா கப்பல் பொறுத்துப் பார்க்கும். தனியா போனா பொறுக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம்ம காசுல பறக்க வேண்டியதுதான்.

[காட்சி: வரைபடம். ரோட்ஸில் இருந்து தெற்கே லிந்தோஸ்]

குரல்: இதே தீவுல மலைமேல பழைய கோட்டை இருக்கிற லிந்தோஸ் ஊரையும் சேர்த்துப் பார்க்கலாமான்னு எல்லாரும் கேட்பாங்க. சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ல போக ஒரு மணி நேரத்துக்கு மேல, திரும்ப அதே அளவு, மலையேற்றம், வெயில், பஸ்ஸுக்குக் காத்திருப்பு. எப்படிப் பார்த்தாலும் அஞ்சு மணி நேரம் போயிடும். எட்டு மணி நேரத்துல ரெண்டையும் பார்த்தா ரெண்டும் அரைகுறை. லிந்தோஸ்தான் வேணும்னா அங்கேயே போயிட்டு வாங்க. இந்த வீடியோ மதிலுக்குள்ள மட்டும்.

[காட்சி: அகழி. இருபுறமும் கல் சுவர், தரையில் கல் குண்டுகள். கடிகாரம்: 8:20]

குரல்: துறையில இருந்து ஊருக்குள்ள நுழையாம, தெற்குப் பக்கம் ஆகாந்தியா வாசல்கிட்ட அகழிக்குள்ள இறங்குங்க. டிக்கெட் கிடையாது. இது தண்ணி நிரப்பாத அகழி. ஊரைச் சுத்திக்கிட்டு மேற்குப் பக்கம் அம்புவாஸ் வாசல் வரைக்கும் போகும், சுமார் இரண்டரை கிலோமீட்டர். காலையில போகச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மேற்குப் பக்கம் திரும்பினதும் சூரியன் மதிலுக்குப் பின்னால போயிடும், நிழல் அகழிக்குள்ள விழும். மத்தியானம் இதே இடம் அடுப்பு.

நடக்கும்போது கால்கிட்ட பாருங்க. பூசணிக்காய் மாதிரி உருண்டைக் கல் அங்கங்க கிடக்கும். எல்லாம் பீரங்கிக் குண்டு. செயின்ட் ஜான் சபையோட துறவி வீரர்கள் 1309-ல இருந்து 1522 வரைக்கும் இந்தத் தீவை ஆண்டாங்க. 1480-ல ஒட்டோமான் துருக்கியரோட படை முற்றுகை போட்டுத் தோத்துச்சு. 1522-ல சுல்தான் சுலைமான் நேர்லயே வந்தார். வீரர்கள் பேசுற மொழிப்படி குழுவாப் பிரிஞ்சிருந்தாங்க, மதிலையும் அதே மாதிரி பங்கு போட்டுக் காத்தாங்க: இத்தாலிப் பங்கு, ப்ரொவான்ஸ் பங்கு, இங்கிலாந்துப் பங்கு, இப்படி. சுலைமான் ஆளுங்க மதிலுக்கு அடியில சுரங்கம் தோண்டி வெடி வச்சாங்க. உள்ள இருந்த கப்ரியேலே தாதினிங்கிற இத்தாலியப் பொறியாளர், தோலை இழுத்துக் கட்டி அதுல மணி தொங்கவிட்டார். மண்ணுக்கடியில கடப்பாரை விழுந்தா மணி அசையும், எந்தப் பக்கம் தோண்டுறாங்கன்னு தெரிஞ்சுபோகும். அப்படியும் செப்டம்பர்ல இங்கிலாந்துப் பங்கு மதில் உடைஞ்சது. ஆறு மாசம் தாக்குப்பிடிச்சு, டிசம்பர்ல சரணடைஞ்சாங்க.

அகழியில எங்கயாவது வேலி போட்டிருந்தா தடுமாற வேண்டாம். வெளிய ஏறி, மதிலை வலது கைப்பக்கம் வச்சுக்கிட்டே சாலையில நடந்தா அதே வாசல்தான் வரும்.

[காட்சி: அம்புவாஸ் வாசல், இரண்டு உருண்டைக் கொத்தளங்கள். கடிகாரம்: 9:10]

குரல்: 1512-ல கட்டின வாசல். உள்ள போனா வழி நேரா இருக்காது, வளைஞ்சு வளைஞ்சு போகும். உள்ள பாயுற எதிரி வேகம் எடுக்கக் கூடாது, அதுக்குத்தான். அதைத் தாண்டினா அந்தத் துறவி வீரர் சபையோட தலைவர் இருந்த அரண்மனை. டிக்கெட்டை இணையத்துலயே எடுத்துடலாம். திறக்கிற நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், முந்தின நாள் பார்த்துக்குங்க.

ஒண்ணை மறைக்காம சொல்லிடுறோம். இந்த அரண்மனைக்குள்ள நீங்க பார்க்கிறது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. 1856-ல பக்கத்துல மறந்துபோய்க் கிடந்த வெடிமருந்து வெடிச்சதுல பழசு நொறுங்கிடுச்சு. தீவு இத்தாலி கையில இருந்தப்ப, 1937-ல இருந்து 1940-க்குள்ள திரும்பக் கட்டினாங்க. தரையில சின்னச் சின்னக் கல் பதிச்ச மொசைக் படங்கள் பல கோஸ் தீவுல இருந்து பெயர்த்துட்டு வந்தது. மெதூசா, அதாவது கிரேக்கப் புராணத்துல பாம்பையே தலைமுடியா வச்சிருக்கிறவ, அவ முகம் இருக்கிற அறையைத் தவற விடாதீங்க. ஒரு மணி நேரம் தாராளம்.

[காட்சி: வீரர்கள் தெரு, மேலிருந்து கீழே. அருகில்: தரைக் கற்கள்]

குரல்: அரண்மனையை விட்டு வெளிய வந்தா இப்போத்தோன் தெரு, அதாவது வீரர்கள் தெரு. சரிவா கீழ இறங்கும். கேமராவைத் தரைக்குக் கொண்டு போறோம், பாருங்க. கூழாங்கல்லைப் படுக்க வைக்கல, நெட்டுக்குத்தா நிக்க வச்சு நெருக்கிப் பதிச்சிருக்காங்க. பாதத்துக்கு ஒரு கல்லோட முனைதான் கிடைக்கும். நடந்து நடந்து அந்த முனையும் வழவழன்னு ஆயிடுச்சு. தட்டையான செருப்புன்னா உள்ளங்கால் வலிக்கும், லேசா ஈரமா இருந்தா வழுக்கும். ரப்பர் அடி வச்ச ஷூ போடுங்க. சக்கர நாற்காலி, தள்ளுவண்டிக்கு இந்தத் தெரு சரிப்படாது.

ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மொழிக்குழுவோட விடுதி. பிரான்ஸ் விடுதி முகப்புலதான் அதிக நேரம் நிக்கணும். அங்க இருக்கிற சின்னங்கள்ல கார்டினல் தொப்பி தெரியும், கார்டினல்னா கத்தோலிக்கச் சபையில போப்புக்கு அடுத்த பதவி. 1480-ல ஊரைக் காப்பாத்தின தலைவர் பியேர் தொபுஸோனோடது அது. 1489-ல அவரைக் கார்டினல் ஆக்கினாங்க. வழிகாட்டியோட பெரிய குழு வந்தா ஒதுங்கி அஞ்சு நிமிஷம் நில்லுங்க. அது போனதும் அடுத்த குழு வர்றதுக்குள்ள தெரு காலியா கிடைக்கும். போட்டோவுக்கு அதுதான் நேரம்.

[காட்சி: மருத்துவமனை முற்றம். கடிகாரம்: 10:45]

குரல்: தெரு முடியுற இடத்துல வீரர்களோட மருத்துவமனை, இப்போ தொல்பொருள் அருங்காட்சியகம். 1440-ல தொடங்கி 1489-ல முடிச்ச கட்டடம். முற்றத்துல கல் குண்டு குவிச்சு வச்சிருப்பாங்க. மாடியில நோயாளிகள் படுத்த நீளக் கூடம், நடுவுல வளைவு வரிசை. அவசரமா இருந்தா அரண்மனையை விட்டுடலாம், இதை விடாதீங்க. இது அசல். தலைமுடியைக் கையால விரிச்சுக்கிட்டுக் குந்தியிருக்கிற அஃப்ரோதைத்தி, அதாவது கிரேக்கக் காதல் தெய்வத்தோட சிலை உள்ளதான் இருக்கு. பேரை வச்சுப் பெருசா எதிர்பார்க்காதீங்க, அரை மீட்டர் உயரம்தான்.

[காட்சி: சாப்பாட்டு மேசை. கடிகாரம்: 12:15]

குரல்: சொக்ராத்தூஸ் கடைத்தெருவுலயும் இப்போகிராத்தூஸ் சதுக்கத்துலயும் படம் போட்ட மெனுவோட கூப்பிடுவாங்க. ரெண்டு தெரு தள்ளி உள்ள போங்க. மீன் கிலோ கணக்குல விலை, எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க. பீர், ஜூஸ் எதுவா இருந்தாலும் கிளாஸ் அளவும் விலையும் கேட்டுட்டுச் சொல்லுங்க. கேட்கலைன்னா பெரிய கிளாஸ் வரும், பில்லும் பெருசா வரும்.

சைவம் சாப்பிடுறவங்க பித்தரூதியா கேளுங்க. கொண்டைக்கடலை, வெங்காயம், தக்காளி, புதினா சேர்த்துப் பொரிச்சது. நம்ம மசால்வடைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. எண்ணெயில் வேற என்ன பொரிக்கிறாங்கன்னு கேட்டுக்கிறது நல்லது. இனிப்புக்கு மெலகூனி. எள்ளும் தேனும் சேர்த்த துண்டு, நம்ம எள்ளு மிட்டாயை விட மெத்துன்னு இருக்கும், வெல்லம் கிடையாது.

[காட்சி: கடல்குதிரை நீரூற்று. கடிகாரம்: 13:45]

குரல்: கிழக்கே நடந்தா யூதத் தியாகிகள் சதுக்கம். ஒட்டோமான் காலத்துல கிரேக்கர்களை மதிலுக்கு வெளிய அனுப்பிட்டாங்க. துருக்கியரும் யூதரும் உள்ள இருந்தாங்க. 1577-ல கட்டின ககால் ஷாலோம் தொழுகைக்கூடம் பக்கத்துச் சந்துல இருக்கு. கிரேக்கத்துல இன்னும் இருக்கிற கூடங்கள்ல அதுதான் பழசு. 1944 ஜூலையில இந்தத் தெருக்கள்ல இருந்த ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் கப்பல் ஏத்தி அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினாங்க. உயிர் பிழைச்சவங்க சுமார் நூத்தம்பது பேர். தியாகிகள் நினைவுக்கல்லை எல்லாரும் தாண்டிப் போற இடத்துலதான் வச்சிருக்காங்க, நின்னு படிக்கிறவங்க கம்மி.

[காட்சி: வாசல் வழியே கப்பல்கள். கடிகாரம்: 15:30]

குரல்: சதுக்கத்துக்குப் பக்கத்துலயே துறைமுகத்துக்குப் போற வாசல் இருக்கு, அதனாலதான் இதைக் கடைசியா வச்சோம். நேரம் மிச்சம் இருந்தா மாந்திராக்கிங்கிற பழைய துறைமுகம் பக்கம் போய் மான் சிலைத் தூண்களைப் பாருங்க. பழைய உலக அதிசயங்கள்ல ஒண்ணான கொலோசஸ் சிலை அங்க காலை அகட்டி நின்னதா சொல்றது கட்டுக்கதை. சுமார் 33 மீட்டர் வெண்கலச் சிலை கி.மு. 226 வாக்குல நிலநடுக்கத்துல விழுந்துடுச்சு. எங்க நின்னதுன்னு யாரும் உறுதியா சொல்லல.

கப்பல் ஏறும்போது பையை ஸ்கேன் பண்ணுவாங்க. கடைசி அரை மணியில அந்த வரிசை நீளும். கடைத்தெருவுல வாங்கின அலங்காரக் கத்தியை எடுத்து வச்சுக்குவாங்க, மதுப் பாட்டிலை இறங்குற அன்னிக்குத்தான் பெரும்பாலும் திருப்பித் தருவாங்க. மெலகூனியை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.