கரிசல் மண்ணும் காய்ப்புழுவும்

(கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் இடம் பிடித்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்தில் கரிசல் மண் உண்டு என்று சொன்னால் தெற்கே இருப்பவர்கள் பலர் நம்பமாட்டார்கள். நம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் இருக்கிறது. அந்த மண்ணில்தான் என் அப்பா பருத்தி போட்டார். எனக்கு அப்போது பதினொரு வயது. பூச்சிமருந்து கலக்கத் தண்ணீர் சுமப்பது என் வேலை. முகத்தில் ஒரு துண்டு, வெறுங்கால், எதிர்க்காற்று. ஒரு மத்தியானம் அப்பா வரப்பிலேயே சரிந்துவிட்டார். வாயில் நுரை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் மறுபடியும் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடிக்காமல் விட்டால் காய்ப்புழு பருத்திக் காட்டையே தின்றுவிடும், வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு வேண்டும்.

மரபணு மாற்றிய பயிரா, ஜைவமா, அதாவது இயற்கை விவசாயமா என்று யாராவது கேட்டால் அந்த வரப்பில் நின்றுதான் என்னால் யோசிக்க முடிகிறது. எந்த விதை வந்தாலும், எந்த முறை வந்தாலும் நான் கேட்பது இதுதான்: அது வந்ததால் மருந்தடிப்பது குறைந்ததா? குறைந்தால், எத்தனை வருஷத்துக்கு?

மண்ணில் வாழும் ஒரு கிருமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர் பட்டுப்புழுக்கள் திடீரென்று சாவது ஏன் என்று தேடியபோது இந்தக் கிருமியைக் கண்டார். 1911இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் பெர்லினர் என்பவர் இதையே கண்டார், பிறகு பெயரும் வைத்தார்: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். சுருக்கமாக பிடி. இது ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரைப் பற்றி, ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திவிடும், சில நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் நம் குடலில் கிடையாது.

இந்தக் கிருமியைத் தண்ணீரில் கலந்து தெளிக்க ஜைவ விவசாயத்தில் அனுமதி உண்டு. பல நாடுகளில் ஜைவ விவசாயிகள் பல பத்தாண்டுகளாக இதை அடித்து வருகிறார்கள். பிடி பருத்தி என்ற மரபணு மாற்றிய பருத்தியில் இருப்பதும் இதே கிருமியின் மரபணுதான். மேடையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் இரண்டு தரப்பின் கையிலும் இருப்பது ஒரே சரக்கு. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என்னால் எந்தப் பக்கத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை தட்ட முடியவில்லை.

வித்தியாசம் எங்கே என்றால், தெளித்த பிடி வெயிலில் சில நாளில் கெட்டுவிடும். புழு கண்ணில் படும்போது அடிக்கிறோம், அப்புறம் அது இல்லை. மரபணுவாகச் செடிக்குள் வைத்துவிட்டால் இலையிலும் காயிலும், விதைத்த நாள் முதல் கடைசிப் பறிப்பு வரை அது இருந்துகொண்டே இருக்கும். லட்சத்தில் ஒரு புழு அதைத் தாங்கும் உடம்போடு பிறந்திருந்தால், மற்றதெல்லாம் செத்து அது மட்டும் மிஞ்சும். அதன் பிள்ளைகள் பெருகும்.

இது விஞ்ஞானிகளுக்கு முதலிலேயே தெரியும். 2002 மார்ச்சில் நம் நாட்டில் பிடி பருத்திக்கு அனுமதி கொடுத்தபோதே ஒரு விதி வைத்தார்கள். 450 கிராம் பிடி விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் ஒரு பொட்டலம் வந்தது. அதைக் காட்டைச் சுற்றி ஐந்து வரிசை நட வேண்டியிருந்தது. அங்கே சாதாரணப் புழுக்கள் பிழைத்து வளரும். தாங்கும் புழு அவற்றோடு கூடும்போது அந்தத் தாங்கும் குணம் அடுத்த தலைமுறையில் நீர்த்துப் போகும். நல்ல யோசனை. ஆனால் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவன் புழுவுக்கென்று ஐந்து வரிசை விடுவானா? அந்தச் சின்னப் பொட்டலம் பல காடுகளில் வரப்போரம் கிடந்தது. ஏன் நட வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்படி உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு.

2009இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பிடி பருத்தியைத் தின்று பிழைப்பது தெரிந்தது. 2006லேயே வந்துவிட்ட, இரண்டு பிடி மரபணுக்களை வைத்த பருத்தியும் பத்து வருஷத்தில் அதனிடம் தோற்றது. இந்தப் புழு பெரும்பாலும் பருத்தியை நம்பியே வாழ்வது. நம் ஊர்ப் பருத்தியோ பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். ஆறு மாதத்துக்கு மேல் காட்டில் நிற்கும், அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைக்கவும் முடியாது. புழுவுக்குச் சாப்பாடு தொடர்ந்து கிடைத்தது. பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பலதையும் தின்பதால் அதற்கு வெளியில் புகலிடம் தானாகவே இருந்தது. இளஞ்சிவப்புப் புழுவுக்கு அது இல்லை.

இதே புழு, இதே மரபணு, அமெரிக்காவில் கதை வேறு. அங்கே சாதாரணப் பருத்தி வரிசைகளை விட்டார்கள். 2006இல் அரிசோனாவில் தொடங்கி, மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து விட்டார்கள். 2018இல் அந்தப் புழுவை நாட்டின் பருத்திப் பகுதிகளிலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆகவே மரபணுவை மட்டும் குறை சொல்லி நான் இறங்கிவிட மாட்டேன்.

நம் நாட்டில் முதல் சில வருஷம் மருந்தடிப்பது உண்மையாகவே குறைந்தது. என் அப்பா அப்போது இருந்திருந்தால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். அதன் பிறகு தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி என்று சாறு உறிஞ்சும் கூட்டம் வந்தது. பிடி அவற்றை ஒன்றும் செய்யாது. காய்ப்புழுவும் திரும்பியது, தெளிப்பானும் திரும்பியது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் வரப்பு மறுபடி கண்முன் வந்து நின்றது.

சிலர், "நாம் மரபணு உணவு சாப்பிடுவதே இல்லையே" என்கிறார்கள். இன்று நாட்டின் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடிதான். நம் மாடு தின்னும் பருத்திக்கொட்டையும், திருவிழாவில் வாங்கிக் குடிக்கும் பருத்திப்பாலும் எங்கிருந்து வருகின்றன? பயமுறுத்தச் சொல்லவில்லை, தெரிந்து பேசுவோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிடி கத்திரிக்கு 2009 அக்டோபரில் நிபுணர் குழு சம்மதம் சொன்னது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் 2014இல் இருபது விவசாயிகளைக் கொண்டு நடத் தொடங்கியது. நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். கத்திரி பிறந்த மண் நம்முடையது, நாட்டு ரகங்கள் ஏராளம். பருத்தியில் ஐந்து வரிசை விதியையே காப்பாற்ற முடியாத நாம், வீட்டுக்கொல்லை வரை பரவும் கத்திரியில் எதைக் காப்பாற்றியிருப்போம்?

சரி, ஜைவத்துக்கு வருவோம். அங்கேயும் அதே கேள்விதான். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். பிறந்த குழந்தைகளின் நிலைமையை நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடுத்தது. அப்படி ஒன்றைப் பார்த்த மாநிலம் ஜைவத்தின் பக்கம் சாய்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை, நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன். மருந்தடிக்காத காட்டில் பொறிவண்டும் சிலந்தியும் பிழைக்கின்றன, கிணற்றுத் தண்ணீரில் விஷம் இறங்குவதில்லை.

ஆனால் ஜைவம் என்றாலே தீங்கில்லை என்று நினைக்க வேண்டாம். மிளகுக்கும் பாக்குக்கும் அடிக்கிறோமே போர்டோ கலவை என்ற பூசண மருந்து, அதில் இருப்பது துரிசு, அதாவது செம்பு உப்பு. அதைக் கட்டுப்பாட்டோடு ஜைவத்திலும் அனுமதிக்கிறார்கள். அந்தச் செம்பு மண்ணை விட்டுப் போகாது, வருஷா வருஷம் சேரும். விளைச்சலும் பொதுவாகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு வரை குறையலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். குறைந்ததை ஈடுகட்டப் புதிதாக நிலம் திருத்தினால் வனம் போகும்.

அவசரமும் ஆபத்து. இலங்கையில் 2021இல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் விழுந்தது, அந்த வருஷம் முடிவதற்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். சிக்கிம் 2003இல் முடிவெடுத்து, 2016இல்தான் முழு ஜைவ மாநிலம் என்று அறிவித்தது. பதின்மூன்று வருஷம். சான்றிதழுக்கே காய்கறிக்கு இரண்டு வருஷம், தென்னைக்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், ஜைவ விலையும் கிடைக்காது. அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கு விவசாயியைத் தாங்குவது யார்? கிருஷி பவன் என்ற வேளாண் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் இதையே கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருஷமாக என் கத்திரிப் பாத்தியில் காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்கவில்லை. வாடிய குருத்தை வாரம் இரண்டு முறை கிள்ளி எரிக்கிறேன். உள்ளே புழு இருக்கும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சியைப் பிடிக்கிறேன். ஓரத்தில் செண்டுமல்லி. புழுக்காய் வருகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். போன பருவத்தில் பத்துக் காய்க்கு இரண்டு. நாளைக் காலை ஏழு மணிக்கு வந்தால் எல்லோருமாகப் பாத்தியில் இறங்கி எண்ணிப் பார்க்கலாம். பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். பூதக்கண்ணாடி இரண்டு என்னிடம் இருக்கிறது.