வருஷத்துக்கு 12 மணி நேரம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே காஸா (CASA, கோர்ட் நியமிக்கும் குழந்தைகள் நலப் பிரதிநிதி) தன்னார்வலர்கள், மீதிப் பேர் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அதனால் இது என்ன வேலை என்று முதலில் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஒரு குழந்தை வீட்டில் அடிபடுகிறது, அல்லது கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று வழக்கு வந்து, அரசு அதை ஃபாஸ்டர் வீட்டில், அதாவது தற்காலிக வளர்ப்புக் குடும்பத்தில் வைத்தால், அந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று ஜட்ஜிடம் சொல்வதற்காகவே பல கோர்ட்டுகள் ஒரு சாதாரண மனிதரை நியமிக்கும். அவர்தான் காஸா. அவர் வக்கீலாகவோ சமூகப் பணியாளராகவோ இருக்க வேண்டியதில்லை, சம்பளமும் கிடையாது. சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி 1977-இல் ஆரம்பித்த ஏற்பாடு இது. ஒரு குழந்தையின் வாழ்க்கையையே மாற்றுகிற தீர்ப்பைச் சொல்ல வேண்டும், ஆனால் கையில் இருக்கும் தகவலோ போதவில்லை என்பது அவருடைய கவலை. குழந்தைக்காக மட்டும் பேச யாராவது முன்வருவார்களா என்று ஒரு மதிய நேரத்தில் நாலைந்து பேரைக் கூப்பிட்டாராம், வந்து நின்றவர்கள் ஐம்பது பேர்.

சேரும்போது குறைந்தது 30 மணி நேரப் பயிற்சி. அது முடிந்து ஜட்ஜ் முன்னால் உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகு, வருஷத்துக்கு 12 மணி நேரம் தொடர்கல்வி. முன்பு இதற்கென்று சனிக்கிழமை ஒரு ஹாலுக்குப் போய் உட்கார வேண்டியிருந்தது, இப்போது பெரும்பகுதி ஆன்லைனில் வந்துவிட்டது. நான் பேச வந்தது இந்த 12 மணி நேரத்தைப் பற்றித்தான். இதை ஒரு கணக்காகப் பார்க்கிறோம், "எனக்கு எட்டு முடிஞ்சுது, இன்னும் நாலு பாக்கி" என்று டிசம்பரில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். அந்த வகுப்பு அடுத்த சந்திப்பில் நம் கண்ணை மாற்றியதா, ஜட்ஜுக்கு நாம் எழுதும் ரிப்போர்ட்டில் ஒரு வரியையாவது மாற்றியதா என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்கிறேன். ஏனென்றால் என் ரிப்போர்ட்டில் ஒரு வரி மாறியது.

அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஆறு வயதுப் பெண் குழந்தை. வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம், மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க, அம்மாவைப் பார்க்கும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஷூவைக் கழற்றாது. ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைத் தள்ளிவிடும், தொட்டால் கத்தும், கடைசியில் ஷூவோடேயே தூங்கிப்போகும். வளர்ப்பு அம்மா நல்ல மனுஷி. அவர் என்னிடம், "இந்தச் சந்திப்பு குழந்தையை வதைக்கிறது, கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள்" என்று கண்கலங்கிக் கேட்டார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ரிப்போர்ட்டில் எழுதியும்விட்டேன்: "அம்மாவைச் சந்திப்பது குழந்தையைப் பாதிக்கிறது, சந்திப்புகளைக் குறைக்கப் பரிந்துரைக்கிறேன்."

அதை அனுப்ப நான்கு நாள் இருந்தது. அந்த இடைவெளியில், வேறு எதற்கும் இல்லை, மணிக்கணக்கை முடிப்பதற்காகத்தான், குழந்தைகளின் பிரிவுத்துயர் பற்றிய ஒரு வெபினாரில் உட்கார்ந்தேன். நடத்தியவர் ஒரு குழந்தை மனநல ஆலோசகர். சந்திப்புக்குப் பிறகு குழந்தை அழுவதும் ஆத்திரப்படுவதும் சந்திப்பு கெட்டது என்பதற்கு அத்தாட்சி ஆகாது, மறுபடி பிரிய வேண்டியிருக்கிறதே என்கிற துக்கமாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம், எது என்று விசாரிக்காமல் எழுதக்கூடாது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் விசாரிக்கவே இல்லை. சந்திப்பு நடக்கும் அறைக்குள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை.

அடுத்த தடவை அனுமதி வாங்கிப் போனேன். அம்மா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டே அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தார், குழந்தை மடியில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னது. நேரம் முடிந்ததும் மேற்பார்வையாளர், "சரி, கிளம்பலாம்" என்று எழுந்தார். அவ்வளவுதான். அடுத்து எப்போது பார்ப்போம் என்று யாரும் குழந்தையிடம் சொல்லவில்லை. காரில் நான் கேட்டேன், ஏம்மா ஷூவைக் கழற்ற மாட்டேங்கிறே என்று. "அம்மா வந்தா உடனே போகணும்ல" என்றது.

நான் எழுதியிருந்த வரியை அழித்துவிட்டு என்ன பார்த்தேன், என்ன கேட்டேன் என்பதை மட்டும் எழுதினேன். சந்திப்பைக் காலை நேரத்துக்கு மாற்றலாம், கிளம்பும்போது அடுத்த தேதியைக் குழந்தை கையில் ஒரு காலண்டரில் குறித்துக் கொடுக்கலாம், ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்று பரிந்துரைத்தேன். ஜட்ஜ் மூன்றையும் ஏற்றுக்கொண்டார். அந்த வெபினார் ஒன்றரை மணி நேரம். நான் அதைப் பார்க்காமல் போயிருந்தால் அந்தக் குழந்தை அம்மாவைப் பார்க்கிற நாட்களும் குறைந்திருக்கும், அதற்குக் காரணம் நானாக இருந்திருப்பேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று, சட்டம். முப்பது மணி நேரப் பயிற்சியில் படித்த சட்டம் அப்படியே நிற்காது, நாமும் மறந்துபோகிறோம். 1997-இல் வந்த மத்திய சட்டப்படி, கடந்த 22 மாதங்களில் 15 மாதம் ஒரு குழந்தை ஃபாஸ்டர் பராமரிப்பில் இருந்தால், பெற்றோரின் உரிமையை நீக்கக் கேட்டு மாநிலம் மனுப் போட வேண்டும். இது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதற்கு விதிவிலக்குகள் இருக்கின்றன: குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தால், குடும்பம் ஒன்றுசேரத் தேவையான உதவியை அரசே செய்து தராமல் இருந்தால், மனுப் போடுவது குழந்தைக்கு நல்லதில்லை என்று தகுந்த காரணம் காட்டினால். இது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அம்மா போதை சிகிச்சைக்கு இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார் என்றால், அந்தக் காத்திருப்பைத் தேதியோடு ரிப்போர்ட்டில் பதிய வேண்டியது நாம்தான்.

2008 சட்டப்படி குழந்தையை வீட்டிலிருந்து எடுத்த 30 நாளுக்குள் உறவினர்களைத் தேடித் தகவல் சொல்ல வேண்டும். 2014 சட்டப்படி 14 வயதான பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய திட்டத்தை உருவாக்குவதில் பங்கு உண்டு. பூர்வகுடிக் குழந்தைகளுக்கு 1978-இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு மணி நேர வகுப்புதான். "தாத்தா பாட்டியை யாராவது கேட்டார்களா?" என்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாலே அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை.

ஆன்லைன் என்பதால் சில கஷ்டங்களும் உண்டு. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும், நாம் துணி மடித்துக்கொண்டிருப்போம், கடைசியில் ஐந்து கேள்விக்கு ஊகித்து பதில் போட்டால் சர்டிபிகேட் வந்துவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் இரண்டு மணி நேர வகுப்பைத் திறப்பதைவிட, காலையில் தெளிவாக இருக்கும்போது முக்கால் மணி நேரம் போதும். பதிவு செய்த வகுப்பைவிட நேரலை வகுப்பைத்தான் நான் சிபாரிசு செய்வேன். சட்டம், மருந்து போன்ற விஷயத்துக்குப் பதிவு நல்லது, நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுக்கலாம். ஆனால் கோபமாக இருக்கும் ஓர் அப்பாவிடம் எப்படிப் பேசுவது, பேசவே மாட்டேன் என்கிற பதினைந்து வயதுப் பையன் பக்கத்தில் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் இன்னொரு மனிதரோடு பேசிப் பழகினால்தான் வரும். ஜூமில் நாலு நாலு பேராகப் பிரித்து விடும்போது கேமராவை அணைத்துக்கொள்கிறோமே, உண்மையான பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

ரகசியம் காப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கூடத்தில் ஸ்பீக்கரில் வகுப்பைப் போட்டுவிட்டு, "என் கேஸில் இருக்கிற பையன்" என்று ஆரம்பிக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பின்னால் வீட்டார் நடந்துபோகிறார்கள். ஊர் சின்னது, பள்ளி ஒன்றுதான், யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், கதவைச் சாத்துங்கள், சாட்டில் பெயர், வயது, பள்ளி எதுவும் வேண்டாம். அப்புறம், எந்த வகுப்பு கணக்கில் சேரும் என்பதை உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் நடைமுறை வேறு.

நாம் வேறொரு பண்பாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் இது நமக்குக் கூடுதலாகவே தேவை. கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளை மரியாதையாக இருக்கிறான் என்று நாம் நினைப்போம், இன்னொருவர் எதையோ மறைக்கிறான் என்று நினைப்பார். இரண்டு பேருமே தவறாக இருக்கலாம். அழுக்குச் சட்டையைப் பார்த்ததும் "கவனிப்பில்லை" என்று எழுதத் தோன்றும், அந்த வீட்டில் துணி துவைக்க வசதி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றாது. வறுமையையும் அலட்சியத்தையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது பற்றி இப்போது நிறைய வகுப்புகள் வருகின்றன. ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் பாருங்கள்.

நான் இப்போது ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் அதில் ஒரே ஒரு கேள்வி எழுதுவேன், அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பக்கத்தில் பதில் எழுதும்வரை புது வகுப்பில் சேர்வதில்லை. அடுத்த மாதம் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு நேரலை வகுப்பில் உட்காரப்போகிறோம், கோர்ட் ரிப்போர்ட் எழுதுவது பற்றி. வரும்போது நீங்கள் எழுதிய பழைய ரிப்போர்ட்டிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை, பெயர் இல்லாமல், எழுதிக் கொண்டுவாருங்கள். அதில் எது நீங்கள் பார்த்தது, எது நீங்கள் நினைத்துக்கொண்டது என்று சேர்ந்து பார்ப்போம்.